எல்லாம் தொடுகிறவள்

ஜனவரி 8

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். உன் வயிற்று எரிச்சல் எப்படி இருக்கிறது, அம்மாவின் முட்டி வலி குறைந்ததா, இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது. எல்லோரும் சௌக்கியம் என்று ஒரே வரியில் மூடி அனுப்பிவிடாதே.

வேலை கிடைத்துவிட்டது. பெரிய கடை. உப்பிலிருந்து உள்ளாடை வரை எல்லாம் விற்கிறார்கள். வாசலருகே நான்கு கவுண்டர்கள், நான்காவது எனக்கு. நான்கு மாதம் சோதனைக் காலம். மேனேஜர் நல்லபடியாக எழுதினால் ஏப்ரல் கடைசியில் நிரந்தரம். அதற்குப் பிறகு யாரும் என்னைப் பார்த்து "நாளைலருந்து வர வேணாம்மா" என்று சொல்ல முடியாது. அந்த வாக்கியத்தை மூன்று இடங்களில் கேட்டாயிற்று. நான்காவது முறை கேட்டால் யாரையாவது கடித்துவிடுவேன்.

இங்கே ஒரு வேடிக்கை. முதல் கவுண்டரில் இருப்பவர் மதுப்புட்டியைத் தொடமாட்டார், அவர் மதம் விடாது. அதனால் அவர் பெயரே பாட்டில் அண்ணன். இரண்டாவதில் இருப்பவள் இறைச்சிப் பொட்டலத்தைத் தொடமாட்டாள், அவள் கறி அக்கா. மூன்றாவதில் இருக்கும் பெரியவர் சிகரெட்டைத் தொடமாட்டார், அவர் புகை மாமா. மூவருக்கும் மூன்று வேறு கடவுள். கூடாத சாமான் வந்தால் மேசைமேல் இருக்கும் மணியை அடிப்பார்கள். நான் என் வரிசையை நிறுத்திவிட்டு ஓடிப்போய் அந்தச் சாமானை எடுத்துப் பில் போட வேண்டும். ஒரே ஆள் புட்டியும் கறியும் சிகரெட்டும் வாங்க வந்தால் நேராக என்னிடமே அனுப்பிவிடுகிறார்கள். எனக்கும் பெயர் வைத்தாயிற்று. எல்லாம்.

"எல்லாம், இங்க வாம்மா" என்று கூப்பிட்டால் நான்தான்.

அம்மாவிடம் சொல். கால் மட்டும் சாயங்காலம் வீங்குகிறது.

உன் தங்கை

ஜனவரி 21

அன்புத் தங்கைக்கு,

அம்மாவும் நானும் சுகம். தனித்தனியாகக் கேட்டாய், சொல்கிறேன்: வயிறு பரவாயில்லை, முட்டி பரவாயில்லை. போதுமா?

உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். உள்ளாடை என்ற வார்த்தையை இரண்டு தடவையும் விட்டுவிட்டேன்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. அந்த மூவரைக் கேலி செய்யாதே. உனக்குக் கடவுள் கிடையாது, சரி, அது உன் பாடு. ஆனால் வயிற்றுப் பிழைப்புக்கு நடுவிலும் இதை மட்டும் செய்யமாட்டேன் என்று நிற்கிற ஆட்கள் குறைவு. நான் தினம் பிரார்த்தனைக் கூடத்து அலுவலகத்தில் உட்கார்ந்து சான்றிதழ் எழுதுகிறேன். நல்ல பெயர் வேண்டும் என்று வருகிறவர்கள்தான் அதிகம், நல்லவர்களாக இருக்க வேண்டும் என்று வருகிறவர்கள் கொஞ்சம்.

இரவு படுக்கும்போது காலைத் தலையணைமேல் வைத்துக்கொள். அம்மா சொல்லச் சொன்னாள்.

அண்ணன்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

தலையணை வேலை செய்கிறது. அம்மாவுக்கு நன்றி. இருவரும் நலம் என்று நம்புகிறேன்.

கேலி செய்யாதே என்றாய். சரி, இப்போது கோபம்தான் வருகிறது. சனிக்கிழமை மணி நிற்கவே இல்லை. கறி அக்கா அடிக்கிறாள், பாட்டில் அண்ணன் அடிக்கிறார், என் வரிசையில் நிற்பவர்கள் என்னைத் திட்டுகிறார்கள். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறேன், மறுபடி மணி. நேராகப் போய்ப் பாட்டில் அண்ணனிடம் கேட்டேன்.

"அண்ணே, நீங்க தொடாததுக்கு உங்களுக்குப் புண்ணியம். உங்களுக்குப் பதிலா தொடுறதுக்கு எனக்கு என்ன கணக்கு?"

அவர் கோபப்படவில்லை.

"நான் அதை யோசிக்கலம்மா" என்றார்.

"இப்ப யோசிங்க."

"உனக்குத் தொடக்கூடாததுன்னு ஒண்ணுமே இல்லையா?"

"என்னைக் கேட்டு யாரு வேலை கொடுத்தாங்க?"

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் மணி அடிப்பதில்லை. கூடாத சாமானோடு வருபவரிடம், "பத்து நிமிஷம் இருங்க சார், அந்தப் பொண்ணு சாப்பிடுது" என்கிறார். ஒருவர் கத்தினார். இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மனுஷன் மோசமில்லை, அண்ணா.

விஷயம் என்னவென்றால், தலைமை அலுவலகமே உத்தரவு போட்டிருக்கிறது: மதம் காரணமாக ஒரு வேலையைச் செய்ய முடியாதவர்கள் தங்கள் மதத் தலைமையிடமிருந்து சான்றிதழ் கொண்டுவந்தால் விதிவிலக்கு. சான்றிதழ் உள்ளவர்களுக்கு மரியாதை. இல்லாதவள் ஓட வேண்டும்.

உன் தங்கை

மார்ச் 4

அண்ணா,

நலம், நலமறிய ஆவல். உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. கை பரபரக்கிறது.

திங்கள்கிழமை மத்தியானம், கூட்டம் குறைந்த நேரம், மேனேஜர் என்னைப் பின்னால் கிடங்குக்குக் கூப்பிட்டார். குழந்தைகளுக்கான பால்மாவு டின்கள் அடுக்கியிருந்தன, பச்சை மூடி. பக்கத்தில் பஞ்சு, நகப்பூச்சு அழிக்கும் புட்டி, தேதி அடிக்கும் சின்ன முத்திரைக் கட்டை. டின்னைக் கவிழ்த்தார். அடியில் இருந்த தேதி எப்போதோ முடிந்துபோயிருந்தது. பஞ்சால் ஒரு தேய், தேதி போயிற்று. முத்திரையால் ஒரு குத்து, அடுத்த வருடம் வந்துவிட்டது.

"பார்த்தியா, அவ்வளவுதான். மத்தியானம் மத்தியானம் வந்து கொஞ்சம் கொஞ்சமா முடிச்சிடு."

"இதைக் குழந்தைங்க குடிக்கும் சார்."

"ஒண்ணும் ஆகாது. கம்பெனிக்காரன் பயத்துல முன்கூட்டியே தேதி போடுறான்."

"நான் செய்யமாட்டேன் சார்."

அவர் சிரித்தார். "ஏன், உன் மதத்துல கூடாதா? எந்த மதம்?"

"மதம் இல்ல சார்."

"அப்ப அது மறுப்பு இல்ல, பிடிவாதம். பிடிவாதத்துக்குக் கம்பெனில விதிவிலக்கு கிடையாது. மத்தவங்களுக்கு எல்லாம் பேப்பர் இருக்கு. நீயும் ஒரு பேப்பர் கொண்டா, விட்டுடறேன். இல்லன்னா ஏப்ரல்ல நான் என்ன எழுதுவேன்னு உனக்கே தெரியும்."

அண்ணா, புட்டியைத் தொடமாட்டேன் என்றால் மதம். குழந்தை வாயில் பழைய மாவைப் போடமாட்டேன் என்றால் பிடிவாதம். இப்படி ஒரு சட்டம் எழுதினவன் நிம்மதியாகத் தூங்குவான் இல்லையா?

எனக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். அதை எழுதுவதுதான் உன் வேலை. இவள் எங்கள் கூடத்தைச் சேர்ந்தவள், பொய்த்தேதி போடுவது எங்கள் மதத்துக்கு விரோதம், இரண்டு வரி, ஒரு முத்திரை. உடனே அனுப்பு. அவர் ஏப்ரல் பாதி வரை தவணை கொடுத்திருக்கிறார்.

உன் தங்கை

மார்ச் 13

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். அம்மா புதுச் செருப்பு வாங்கினாள், கடிக்கிறது என்று என்னைத் திட்டுகிறாள். வெயில் தொடங்கிவிட்டது. தண்ணீர் நிறையக் குடி. கால் வீக்கத்துக்கு உப்பைக் குறை.

மற்றவை பிறகு.

அண்ணன்

மார்ச் 18

அண்ணனுக்கு,

நான் நலமாக இல்லை. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து நலமாக இல்லை.

செருப்பு கடிக்கிறதா? நான் என்ன கேட்டேன், நீ என்ன எழுதியிருக்கிறாய்? கிடங்குச் சாவி என் மேசைமேலேயே இருக்கிறது. ஒவ்வொரு மத்தியானமும் அவர் அதைச் சத்தம் வரும்படி வைத்துவிட்டுப் போகிறார். நான் தொடவில்லை.

நீ எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருப்பாய். வருடத்துக்கு ஒரு நாள் கூடத்துக்கு வந்து முன்வரிசையில் உட்காரும் கடைக்காரருக்கு "பக்தியும் ஒழுக்கமும் மிக்கவர்" என்று எழுதினாய், நீயே சொல்லிச் சிரித்தாய். எனக்கு மட்டும் பேனா ஓடவில்லையா? முடியாது என்றால் முடியாது என்று எழுது. செருப்பு பற்றி எழுதாதே.

தங்கை

ஏப்ரல் 2

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் சுகம். இந்தமுறை வயிற்று எரிச்சல் நிஜமாகவே அதிகம், சரியாகிவிடும்.

முடியாது. நேராகவே எழுதிவிட்டேன். நீ எங்கள் கூடத்தைச் சேர்ந்தவள் இல்லை. சேர்ந்தவள் என்று நான் எழுத முடியாது. கடைக்காரருக்கு எழுதினேன்தான். கூடத்துப் பெரியவர் வாயால் சொன்னார், நான் கையால் எழுதினேன், அன்று சாப்பாடு இறங்கவில்லை. சிரித்தது உன்னிடம் மட்டும். பொய்த்தேதி போடமாட்டேன் என்பதற்காக என்னைப் பொய்ச் சான்றிதழ் எழுதச் சொல்கிறாய். நீ கேட்டது அதுதான். என் கடவுள் அதற்கு இடம் கொடுக்கமாட்டார். அதை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் செருப்பு பற்றி எழுதினேன்.

ஆனால் உண்மையை எழுத அவர் தடை சொல்லமாட்டார். பெரியவர் வெளியூரில் இருக்கிறார், முத்திரை என் மேசையில் இருக்கிறது. என் வேலை சான்றிதழ் எழுதுவது, எழுதிவிட்டேன். இதோடு இருக்கிறது. நீ திட்டுவதற்கு முன் நானே படித்துக் காட்டிவிடுகிறேன்:

"இவர் எங்கள் கூடத்தைச் சேர்ந்தவர் அல்லர். எந்தக் கடவுளிடமும் நம்பிக்கை இல்லாதவர். இவர் என் உடன்பிறந்த தங்கை, பிறந்தது முதல் இவரை எனக்குத் தெரியும். குழந்தைகளுக்கான பால்மாவு டின்களின் அடியில் உள்ள தேதியை அழித்து வேறு தேதி அடிக்கும்படி இவர் பணிக்கப்பட்டிருக்கிறார். அதைச் செய்ய மறுக்கிறார். எங்கள் மதத்தில் இருப்பவர் செய்ய வேண்டியதும் அதுவே என்று சான்றளிக்கிறேன்."

இதை வைத்து உனக்கு விதிவிலக்கு கிடைக்குமா என்று தெரியாது. என்னால் முடிந்தது இது.

அண்ணன்

ஏப்ரல் 16

அண்ணா, அண்ணா,

அம்மா நலமா, நீ நலமா, நான் மகா நலம். உட்கார்ந்து எழுத முடியவில்லை, ஜன்னல் விளிம்பில் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன்.

உன் சான்றிதழைப் படித்ததும் முதலில் உன்னைத் திட்டினேன். அறையில் என்னோடு இருப்பவள், "யாரைடி இப்படித் திட்டுற" என்று எழுந்துவிட்டாள். நம்பிக்கை இல்லாதவர் என்று மத முத்திரை போட்டு யாராவது எழுதித் தருவார்களா? உலகத்தில் உனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றும். ஆனால் வேறு வழி? நேற்றுக் காலை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

கடை திறக்குமுன் தினமும் எங்களை வரிசையாக நிற்கவைத்துப் பேசுவார். என் பேப்பரை மேலோட்டமாகப் பார்த்தார், முதல் மூன்று வரிதான் பார்த்திருப்பார், விழுந்து விழுந்து சிரித்தார். "எல்லாரும் கேளுங்க. சாமியே இல்லாத பொண்ணுக்கு மத விதிவிலக்காம். அவங்க அண்ணனே எழுதிக் கொடுத்திருக்காரு" என்று சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். கூடத்தைச் சேர்ந்தவர் அல்லர், சிரிப்பு. நம்பிக்கை இல்லாதவர், சிரிப்பு. அந்த வேகத்திலேயே "பால்மாவு டின்களின் அடியில் உள்ள தேதியை அழித்து" என்று தன் வாயாலேயே வாசித்துவிட்டார். அப்புறம்தான் நின்றார்.

யாருக்கும் அதுவரை தெரியாது, அண்ணா. என்னை அவர் தனியாகத்தானே கூப்பிட்டார். சொன்னால் வேலை போய்விடும் என்று நானும் வாயைத் திறக்கவில்லை.

கறி அக்காதான் முதலில் கேட்டாள். "எந்த டின்னு சார்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, அவங்கவங்க கவுண்டருக்குப் போங்க."

"பச்சை மூடியா? போன வாரம் நீங்கதான் என் பொண்ணுக்கு எடுத்துக் கொடுத்தீங்க. ஊழியர்னு விலை குறைச்சு."

அவர் பேப்பரை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். அவளுக்கு ஏழு மாதக் குழந்தை. அவள் என் கையைப் பிடித்தாள், பிடித்த இடம் இன்னும் சிவந்திருக்கிறது. "சாவி எங்க?" சாவி என் மேசைமேல். எடுத்துக் கொடுத்தேன். கிடங்குக்குப் போய் ஒரு டின், பஞ்சு, முத்திரைக் கட்டை மூன்றையும் முந்தானையில் போட்டுக்கொண்டு வாசல் வழியே வெளியே போனாள், நேராக நகராட்சிச் சுகாதார அலுவலகத்துக்கு. மேனேஜர் தடுக்கப் போனார். பாட்டில் அண்ணன் குறுக்கே நின்றார். ஆள் நல்ல அகலம்.

புகை மாமா மட்டும் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது, எதற்கும் பயப்படுகிறவர். எனக்கு வருத்தமாக இருந்தது. முதல் வாடிக்கையாளர் ஒரு சோப்பை வைத்தார். மாமா மணியை அடித்தார்.

"சோப்புக்கு எதுக்குய்யா மணி?" என்றார் மேனேஜர்.

"எனக்கு இந்தக் கடையில இன்னைக்கு எதையுமே தொடக்கூடாதுன்னு இருக்கு சார்" என்றார் மாமா.

மத்தியானத்துக்குள் கறி அக்காவோடு அதிகாரிகள் வந்துவிட்டார்கள். டின்களை எல்லாம் வண்டியில் ஏற்றினார்கள். கடையைச் சாத்தினார்கள். நாங்கள் நால்வரும் எதிர்க்கடையில் தேநீர் குடித்தோம். பாட்டில் அண்ணன் என்னிடம், "உங்க அண்ணன் எப்படி இருப்பாரு? என்னை மாதிரியா?" என்று கேட்டார். உங்களில் பாதி அகலம் என்றேன்.

உடனே எழுது.

தங்கை

ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமா? ஏன் பதில் இல்லை? நிரந்தரம். இன்று ஆணை கையில் கொடுத்தார்கள். புது மேனேஜர் வந்திருக்கிறார். கைகுலுக்கி, "பழசை எல்லாம் பேச வேணாம்மா" என்றார். "பேசுவேன் சார்" என்றேன். ஆணையையும் வாங்கிக்கொண்டேன்.

பழையவரை வேலையைவிட்டு அனுப்பவில்லை. வேறு கிளைக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்தக் கிளைக்குப் பக்கத்தில் குழந்தைகள் இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன், கீழே நால்வரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். கறி அக்கா குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த டின்னை அவள் இன்னும் திறக்கவே இல்லையாம்.

இதெல்லாம் உன் பேப்பரால். நீ எழுதாமல் இருந்தால் நான் இப்போது வேறு எங்கோ வேலை கேட்டு வரிசையில் நின்றிருப்பேன்.

தங்கை

மே 7

அன்புத் தங்கைக்கு,

ரொம்ப சந்தோஷம். அம்மா அடுத்த வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டாள். நான் நலம். இப்போதெல்லாம் நிறைய நடக்கிறேன், பசி நன்றாக எடுக்கிறது, எரிச்சல் கூடக் குறைந்திருக்கிறது. அலுவலகத்தில் வேலை அதிகமில்லை. நூலகத்தில் நாளிதழ் எல்லாம் படிக்க முடிகிறது.

அந்தக் கிளை விஷயத்தை விடாதே.

அண்ணன்

மே 10

அன்பு மகளுக்கு,

நான் சுகம். முட்டி அப்படியேதான். அவனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

உன் பழைய மேனேஜர் அந்தச் சான்றிதழைக் கூடத்துப் பெரியவருக்கே அனுப்பி, உங்கள் முத்திரை எதற்கெல்லாம் போகிறது பாருங்கள் என்று புகார் எழுதிவிட்டானாம். நம்பிக்கை இல்லாதவளுக்கு முத்திரை கொடுத்தான் என்று இவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். போன மாதம் இருபதாம் தேதியிலிருந்து வீட்டில்தான். வீட்டில்கூட இல்லை. ஒன்பது மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிப்போய் நூலகத்தில் உட்காருகிறான், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. நூலகக்காரி என் கூடச் சந்தைக்கு வருகிறவள்.

நான் சொன்னதாகச் சொல்லாதே. சொன்னாலும் பரவாயில்லை.

அம்மா

மே 12

அண்ணா,

நலமா என்று கேட்கமாட்டேன். பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்கு முன்னால் இது வந்து சேராது, ஆனாலும் எழுதாமல் கை நிற்கவில்லை. இரண்டு நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். பாட்டில் அண்ணன் என் கவுண்டரையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார், புட்டி வந்தால் என்ன செய்வார் என்று தெரியவில்லை, அவரே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

நேராகக் கூடத்துக்குப் போகிறேன். அந்தச் சான்றிதழை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். பெரியவர் முன்னால் விரித்து, இதில் எந்த வரி பொய் என்று கேட்கப் போகிறேன். கத்தமாட்டேன். கத்தாமல் இருக்க முயற்சி செய்வேன்.

தங்கை

மே 26

அன்புத் தங்கைக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? கால் வீக்கம் எப்படி? பேருந்தில் நின்றுகொண்டே போயிருப்பாய், எனக்குத் தெரியும். அம்மா சுகம். உன்னைப் பார்த்ததிலிருந்து முட்டியைப் பற்றிப் பேசவே இல்லை.

நீ கத்தினாய். தெருமுனை வரை கேட்டதாம். பரவாயில்லை. "எந்த வரி பொய்" என்று நீ கேட்டபோது பெரியவர், "வரி எல்லாம் சரிதாம்மா, முத்திரைதான் தப்பு" என்று சொன்னார் இல்லையா, அதற்குப் பிறகு நீ கிளம்பிவிட்டாய். மறுவாரம் என்னை அழைத்தார். முகம் நல்லபடியாகத்தான் இருந்தது.

"உன் இடம் காலியாத்தான் இருக்கு, வந்து உக்காரு. ஒரு வரி மட்டும் எழுதிக் கொடு. தெரியாம எழுதிட்டேன், மன்னிக்கணும்னு."

"தெரிஞ்சுதாங்க எழுதினேன்."

"அது எனக்கும் தெரியும்ப்பா. ஒரு பேச்சுக்கு. கோப்புல இருக்கட்டும்."

இப்படி எத்தனை பேச்சுக்கு எத்தனை வரி எழுதியிருக்கிறேன், தங்கச்சி. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். மை நிறைய இருந்தது. கை போகவில்லை.

"என் மதத்துல அதுக்கு இடமில்லைங்க" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்த மதம்?" என்று கேட்டார்.

"இதுதாங்க. நம்ம மதம்தான்" என்றேன்.

பேனாவை மூடி அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன், எதிரே வந்த இரண்டு பேர் ஒதுங்கிப் போனார்கள். அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். "சாப்பாட்டுக்கு என்னடா பண்ணுவ" என்று திட்டிக்கொண்டே எனக்கு இரண்டு தடவை சோறு போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கூடத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பிரார்த்தனை செய்தேன். அங்கிருந்து என்னை யாரும் எழுப்ப முடியாது. வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்